ஆசையாக வாங்கிய ஸ்ட்ராட் கிடார் மூலையில் நிற்கிறது, விற்றுவிடலாமா?

"2016ல் ஆறு மாதம் பணம் சேர்த்து ஒரு சன்பர்ஸ்ட் நிற ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிடார்) வாங்கினேன். மூன்று நான்கு வருடம் அதுதான் எனக்கு எல்லாம். அப்புறம் எங்கள் பேண்ட் கலைந்தது, கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, இரண்டு முறை வீடு மாறினோம். இப்போது எடுத்தால் ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுகிறேன். வெறுப்புகூட இல்லை அண்ணா, ஒன்றுமே தோன்றவில்லை. விற்றுவிடலாமா?" இதுதான் கேள்வி.

விற்கலாம் தம்பி, அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மாதம் வேண்டாம். முதலில் அந்தக் கிடாரின் உடம்பைப் பாருங்கள். உங்கள் கேள்வியில் கல்யாணம் வருகிறது, குழந்தை வருகிறது, வீடு வருகிறது; கடைசியாக எப்போது கம்பி மாற்றினீர்கள் என்பது மட்டும் வரவில்லை. நான் பிழைப்புக்கு வாசிக்கிறவன் இல்லை. ஆனால் இருபது வருடமாகத் தெரிந்தவர்களின் கிடார்களுக்கு செட்டப், அதாவது வாசிக்க வாகாகச் சீர் செய்கிற வேலை, செய்து கொடுக்கிறேன். "இனிமேல் இது வேண்டாம், யாராவது வாங்குவார்களா பாருங்கள்" என்று என் மேஜைக்கு வந்த கிடார்களில் நிறைய, நானே ஐந்து நிமிடத்துக்கு மேல் வாசிக்க முடியாத நிலையில்தான் வந்தன. கொண்டுவந்தவர் அதை மனசின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

கம்பியிலிருந்து ஆரம்பிக்கலாம். தடித்த மூன்று கம்பிகளும் எஃகுக் கம்பியின் மேல் நிக்கல் பூசிய இன்னொரு மெல்லிய கம்பியைச் சுற்றிச் செய்தவை. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் தோல் அழுக்கும் போய் உட்காரும். கடலோர ஊர் என்றால் உப்புக்காற்றும் சேரும். ஃப்ரெட்டில், அதாவது கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில், அழுந்துகிற இடங்களில் கம்பியின் அடியில் பள்ளம் விழும். இப்படிச் சீர் கெட்ட கம்பி, சொன்ன சுரத்தில் ஒழுங்காக நிற்காது. வெறுமனே மீட்டினால் ட்யூனரில் பச்சை விளக்கு எரியும். ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள்) பிடித்தால் புளித்துப்போயிருக்கும். காது நன்றாக இருப்பவருக்கு இது பெரிய கொடுமை. என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கை தானாக நிறுத்திவிடும்.

அடுத்தது நெக், அதாவது கிடாரின் கழுத்து. 9-42 கம்பி செட் ஒன்று (மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு), ஸ்ட்ராட்டின் 648 மி.மீ. நீளத்தில் சாதாரண ட்யூனிங்கில் நிற்கும்போது, ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுவிசை கொடுக்கின்றன. 10-46 என்றால் சுமார் 46 கிலோ. இரவும் பகலும் இதை ஒரு மெல்லிய மரத்துண்டு தாங்குகிறது. அது வில்லாக வளைந்துவிடாமல் உள்ளே ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில் மரம் ஈரத்தைக் குடிக்கும், சித்திரையில் விடும். ஒவ்வொரு முறையும் நெக்கின் வளைவு கொஞ்சம் மாறும். நீங்கள் இரண்டு வீடு மாறியிருக்கிறீர்கள், பல மழைக்காலம் போயிருக்கிறது, ராடை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

சோதிப்பது சுலபம். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடம்போடு சேரும் இடத்தில் இன்னொரு கையாலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் கனம், கால் மில்லிமீட்டர் போல இருந்தால் சரி. தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகலாம் போல இருந்தால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாவிட்டால் பின்பக்கம். திருகுவதானால் சரியான அளவு சாவியில், ஒரு தடவைக்குக் கால் சுற்று, அவ்வளவுதான். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மூன்று மில்லிமீட்டரில் நிற்கிற கிடாரில் பத்து நிமிடம் வாசித்தால் விரல் நுனி எரியும். அலுவலகத்திலிருந்து களைத்து வருகிறவர் அதை எதற்கு எடுப்பார்?

ஸ்ட்ராட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பாகம், ஸ்பிரிங்குகளின் பலத்தில் சமநிலையில் நிற்கிறது. முன்பு 9 போட்டிருந்து, கடையில் கிடைத்ததே என்று நடுவில் 10 போட்டிருந்தால், கூடுதலாக எட்டு கிலோ இழுவிசை வந்து பிரிட்ஜ் முன்னால் சாயும், ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம், ஏறும், ட்யூனிங் நிற்காது. பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளை இறுக்கினால் சரியாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "கிடார் போய்விட்டது" என்று தள்ளி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரெட்டுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். நிக்கல் சில்வர் என்பார்கள். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். சும்மா கிடந்தால் மங்கிச் சொரசொரப்பாகிவிடும். அதன் மேல் கம்பியை வளைத்து இழுத்தால் உப்புத்தாளில் தேய்ப்பது மாதிரி இருக்கும். மிக மெல்லிய ஸ்டீல் வூலால் தேய்த்தால் கண்ணாடி போல ஆகும். ஆனால் அதற்கு முன் கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்குகிற காந்தப் பிக்கப் மூன்றையும் டேப் போட்டு மூடிவிடுங்கள், காந்தம் அந்த எஃகுத் தூளை எல்லாம் இழுத்துக்கொள்ளும். முதல் முறை நான் மூடவில்லை. பல் குச்சியும் செல்லோ டேப்புமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அது தூசி. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே சென்னை ரிச்சி தெருவில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். குமிழுக்கு அடியில் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டரின் பக்கவாட்டு இடைவெளியில் அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள்.

சரி, கிடார் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீடு?

நீங்கள் வீடு மாறினேன் என்று போகிற போக்கில் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஸ்ட்ராட்டில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செம்புக்கம்பி. கம்பியின் அசைவை எப்படி மின்சாரமாக மாற்றுகிறதோ, அப்படியே வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். இந்தத் தொல்லைக்காகவே கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955ல் இரண்டு காயில்களை எதிரெதிராக வைத்து ஹம்பக்கர் என்ற இரைச்சல் அடக்கும் பிக்கப்பை வடிவமைத்தார். பழைய வாடகை வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் வேறு. ஃபேனை மூன்றில் வைத்தால் ஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்குகிற பெட்டி) தேனீக்கூடாகிவிடும், ஐந்தில் வைத்தால் அடங்கும். ஒருமுறை ஃபேனை நிறுத்திவிட்டு வாசித்துப் பாருங்கள். மே மாதத்தில் செய்யச் சொல்லவில்லை. எர்த் இல்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது சங்கீத விஷயமே இல்லை, உயிர் விஷயம்.

அப்புறம் சத்தம். குழந்தை தூங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார், ஆகவே ஆம்பை ஒன்றில் வைத்து வாசிக்கிறீர்கள். இங்கேதான் பலபேர் ஏமாந்து போகிறோம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டியது இது: சத்தம் குறையக் குறைய, நம் காது கீழ் ஸ்தாயியை மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது. பேண்ட் அறையில் நெஞ்சில் அடித்த அதே கார்டு, படுக்கையறையில் தகர டப்பா மாதிரி ஒலிப்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. பெரிய ஆம்ப் உரக்க ஒலிக்கும்போது காற்றின் அதிர்வு திரும்பக் கம்பியில் வந்து மோதி அதை நிற்கவிடாமல் பாடவைக்கும். அந்த உறவு உங்கள் படுக்கையறையில் கிடையாது. எலெக்ட்ரிக் கிடார் என்பது கையில் இருக்கிற மரம் மட்டும் இல்லை, ஆம்பும் அறையும் சேர்ந்ததுதான் அந்த வாத்தியம். அதில் பாதியை நீங்கள் பழைய வீட்டோடு விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இதற்குப் பெரிய ஆம்ப் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டரில் செருகுகிற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்ஃபோன், ஆம்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்துப் போலச் செய்கிற மென்பொருள் போதும். இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. ஸ்பீக்கர் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிடார் ஸ்பீக்கர் உச்ச ஸ்தாயியை பெரும்பாலும் விழுங்கிவிடும். அது இல்லாமல் டிஸ்டார்ஷனை, அதாவது ராக்கின் கரகரப்பான ஒலியை, நேரே ஹெட்ஃபோனில் கேட்டால் குளவி கொட்டியது போல இருக்கும்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. பேண்ட் கலைந்தது என்றீர்கள். எலெக்ட்ரிக் கிடார் பெரும்பாலும் கூட்டத்து வாத்தியமாகவே வளர்ந்தது. பேஸ் கீழே தாங்க, டிரம்ஸ் தாளம் பிடிக்க, நடுவில் இருக்கிற இடத்தை நிரப்புவது அதன் வேலை. தனியாக ஹாலில் உட்கார்ந்து பழைய ரிஃப்களை (திரும்பத் திரும்ப வருகிற சின்னச் சின்னத் துணுக்குகளை) வாசிப்பது, கல்யாணப் பந்தியில் ஊறுகாயை மட்டும் சாப்பிடுவது மாதிரி. அதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் என்ன இருக்கும்? உங்கள் பழைய பேண்டில் ஒருவராவது ஊரில் இருந்தால் மாதம் ஒரு ஞாயிறு கூப்பிடுங்கள். டிரம்ஸ்காரராக இருந்தால் இன்னும் நல்லது, மேஜையைத் தட்டினாலும் போதும்.

ஒரு கிடாரோடு மனசு விலகுவது, திரும்புவது, மறுபடி கைவிடுவது என்று மூன்றும் நடந்த ஒரு கதை பலருக்குத் தெரிந்ததுதான். பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் டேவிட் கில்மோர் 1970ல் நியூயார்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட். அந்தப் பத்தாண்டில் குழுவின் பெரிய ஆல்பங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நடுவில் அவர் அதைச் சும்மா விடவும் இல்லை. நெக்கைப் பல முறை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், உடம்பைக் குடைந்தார், வேறு பிரிட்ஜ் போட்டார். 1980களில் மனசு வேறு பக்கம் போய்விட்டது. சிவப்பு நிற ஸ்ட்ராட் ஒன்று, இரைச்சல் இல்லாத வேறு வகை பிக்கப்போடு, மேடைக்கு வந்தது. கறுப்பு ஸ்ட்ராட் பார்வைக்கு வைக்கச் சொல்லி இரவலாகப் போய், ஒரு உணவகத்தின் காட்சிப்பெட்டியில் சுமார் பத்து வருடம் கிடந்தது. 1997ல் அடிபட்ட நிலையில் திரும்பி வந்தது. சீர் செய்தார்கள். 2005 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சிக்காகப் பிங்க் ஃப்ளாய்டின் நான்கு பேரும் மறுபடி ஒரே மேடையில் சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது அதுதான். அதற்கப்புறம் அதையே முக்கியமாக வாசித்தார். 2019 ஜூனில் நியூயார்க்கில் ஏலத்துக்கு விட்டுவிட்டார், 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. மொத்த ஏலப் பணமும் சுற்றுச்சூழலுக்காக வழக்காடுகிற ஒரு அமைப்புக்கு.

இதில் எனக்குப் பிடித்தது கடைசி ஏலம் இல்லை, நடுவில் இருக்கிற வெற்று வருடங்கள். அந்த ஒரு தசாப்தத்தில் யாராவது அவரிடம் விலைக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. கையில் இல்லாமல் இருந்தது, ஆனால் போய்விடவில்லை. இன்னொரு ராக் கிடார்காரர் எரிக் கிளாப்டன் கதை இன்னும் எளிமை. 1970ல் நாஷ்வில்லில் ஆறு பழைய ஸ்ட்ராட் வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்து, மீதி மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து 'பிளாக்கி' என்ற கிடாரைக் கட்டினார். 1985 வாக்கில் அதற்கு ஓய்வு கொடுத்தது மனசு மாறியதால் இல்லை, வாசித்து வாசித்து நெக் தேய்ந்துபோனதால்.

கம்பி மாற்றி, செட்டப் செய்து, சத்தத்தைச் சரி செய்த பிறகும் ஐந்து நிமிடத்தில் கை தளர்ந்தால், நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். என் ஊகம்: ஐந்தாவது ஃப்ரெட்டில் ஏ மைனர் பென்டடானிக் பெட்டி, அதாவது ஐந்து சுர ஸ்கேல் ஒன்றுக்கு விரல் வைக்கிற பழகிய கட்டம். நம்மில் முக்கால்வாசிப் பேர் கிடாரை எடுத்ததும் விரல் அங்கேதான் போய் விழும். அந்த ஐந்து சுரங்களும் நமக்குப் புதிது இல்லை, சுத்த தன்யாசியின் சுரங்கள்தான்: ஸ க ம ப நி. ஆனால் பெட்டிக்குள் மேலும் கீழும் ஓடுவதில் ராகம் வராது, ராக்கும் வராது.

நான் செய்கிற வைத்தியம் ஒன்று சொல்கிறேன். ஒரே கம்பியில் வாசியுங்கள். முதல் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள், வெறுங்கம்பி ஸட்ஜம். 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகளில் போனால் மாயாமாளவகௌளை. சின்ன வயதில் சரளி வரிசை கேட்ட காது உடனே பிடித்துக்கொள்ளும். வேகம் வேண்டாம். அப்புறம், வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் (வீணையின் ஃப்ரெட்டில்) அடுத்த சுரங்களைக் கொண்டுவருகிறார்களே, அதே வேலையை 9 கம்பி போட்ட எலெக்ட்ரிக் கிடார் தாராளமாகச் செய்யும். ராக்காரர்கள் அதை பெண்ட் என்கிறார்கள். வளைக்கிற விரலுக்குப் பின்னால் இரண்டு விரலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிடார் பிரசன்னா கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிடாரிலேயே வாசிப்பதைக் கேட்டால், இந்த வாத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். அவர் மாதிரி வாசிக்கச் சொல்லவில்லை. பழகிய விரல்களை ஒரு தெரியாத தெருவில் விட்டுப் பாருங்கள் என்கிறேன். கர்நாடகம் வேண்டாம் என்றால் ஆறு கம்பியையும் அரை சுருதி கீழே இறக்குங்கள். இழுவிசை ஒன்பதில் ஒரு பங்கு குறையும், கம்பி கைக்கு வெண்ணெய் போல ஆகும். ராக் கிடார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பல பாட்டுகளை அப்படித்தான் வாசித்தார்.

ஒரு இடம் மாற்றமும் வேண்டும். ஹாலில் ஸ்டாண்டில் நிற்கிற கிடார் கொஞ்ச நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், பூஜை அறைக் காலண்டர் போல. ஆம்ப் வயர் ஒரு மூலை, மீட்டுகிற பிக் இன்னொரு மூலை என்று இருந்தால் எடுப்பதற்குள் ஆசை போய்விடும். எல்லாம் ஒரே இடத்தில், ஒரே ஸ்விட்சில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து இரண்டு மாதம் பாருங்கள். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் விற்றுவிடுங்கள், நிம்மதியாக. என் சித்தப்பா மகன் ஒருவன் இப்படித்தான் கொண்டுவந்தான். புதுக் கம்பி போட்டு, நெக் சரி செய்து கொடுத்தேன். ஒரு மாதம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பினான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் விற்றுவிட்டு நைலான் கம்பிக் கிடார் ஒன்று வாங்கினான். இன்றும் அதைத்தான் தினமும் வாசிக்கிறான். நான் பட்ட பாடு வீண் என்று சொல்ல முடியாது. நல்ல நிலையில் இருந்த கிடாரை நல்ல விலைக்குக் கொடுத்தான், வாங்கிய காலேஜ் பையனுக்கும் சந்தோஷம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு, அதை நான் செய்திருக்கிறேன். அலுத்துப்போன கிடாரைக் கொடுத்துவிட்டு மேல் பணம் போட்டு அதைவிட விலை கூடிய ஒன்றை வாங்குவது. மூன்று மாதம் புது வாசனையில் ஓடியது. நாலாவது மாதம் அதே ஐந்தாவது ஃப்ரெட், அதே பெட்டி, தோளுக்கு மட்டும் ஒரு கிலோ பாரம் அதிகம். பழையதை வாங்கியவரிடம் திரும்பக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மறுத்துவிட்டார்.

விற்கவும் வேண்டாம், இப்போதைக்கு வாசிக்கவும் வேண்டாம் என்று முடிவு செய்தால், பெட்டியில் போட்டு வையுங்கள். கம்பியை முழுக்கக் கழற்ற வேண்டாம், இரண்டு சுருதி இறக்கிவிட்டால் போதும், ராடும் கம்பியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். பரணில் வைக்காதீர்கள், கோடையில் அங்கே அடுப்பு மாதிரி இருக்கும். கட்டிலுக்கு அடியில் பரவாயில்லை. ஒலியை மாற்றுகிற பெடல் எதுவும் இருந்தால் அதற்குள் இருக்கிற ஒன்பது வோல்ட் பேட்டரியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஒழுகினால் உள்ளே இருக்கிற போர்டை அரித்துவிடும்.